அஞ்சுக்கு ரெண்டு

"இந்த வருஷம் உங்க மேலாளர் என்னங்க எழுதியிருக்கார்?" என்று கேட்டபடியே மனைவி அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"அஞ்சுக்கு ரெண்டு மார்க். சத்தமா சிரிக்கிறேனாம். வந்தவங்ககிட்ட பேச்சை வளர்க்கிறேனாம்."

"பெரிய மனுஷர் சொன்னா அதுல ஏதாவது இருக்கும். திருத்திக்கிட்டா போச்சு. முகத்தைக் கழுவிட்டு வாங்க."

அவர் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைப் பார்ப்பவர். அவர் சிரித்தால் மாடிப்படி வரைக்கும் கேட்கும். அதனாலேயே அலுவலகத்தில் அவருக்கு 'சிரிப்பு சார்' என்று பெயர். கடை எரிந்துபோனவர்களும் வண்டியைப் பறிகொடுத்தவர்களும் அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். பத்து நிமிஷம் பேசிவிட்டு, பாரம் இறங்கின மாதிரி போவார்கள்.

மறுநாளே வாயைத் தைத்துக்கொண்டார்.

பக்கத்து சீட்டுக்காரருக்கும் அந்த வருஷம் அதே ரெண்டுதான். அவர் மதிப்பீட்டுத் தாளை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"என் வேலை எனக்குத் தெரியும். இவர் யாரு சார் எனக்கு மார்க் போட?"

மேலிடம் வரைக்கும் போய்ச் சண்டை பிடித்தார். இரண்டே வருஷத்தில் பதவி உயர்வோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

சிரிப்பு சாருக்கு அது வராது. மேலாளர் எழுதியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்துக்கொண்டார். பதவி உயர்வில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிட, அந்த மனுஷர் வாயால் 'நல்லா செய்றீங்க' என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

அடுத்த வருஷம், 'உடையில் கவனம் போதாது' என்று வந்தது. இஸ்திரி போடாத சட்டையைத் தொடுவதையே விட்டார். அதற்கடுத்த வருஷம், 'மாலையில் டீக்கடை வாசலில் கூட்டம் சேர்க்கிறார்'. ஆறு மணி அடித்தால் நேரே வீடு என்று ஆனது. பிறகு, 'வேலையின்போது பாட்டு முணுமுணுக்கிறார்'. அதுவும் நின்றது.

ரெண்டு மட்டும் மூன்றாகவில்லை.

ஒன்பது வருஷம் போயிற்று. மனு கொண்டுவருகிறவர்கள் இப்போது அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புதிதாகச் சேர்ந்தவர்கள், யாரோ கேலிக்காகத்தான் அவருக்குச் 'சிரிப்பு சார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

மேலாளர் ஓய்வு பெறும் நாளும் வந்தது. எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்த பிறகு, சிரிப்பு சார் அவர் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், இத்தனை வருஷம் நீங்க சொன்னது ஒவ்வொண்ணையும் திருத்திக்கிட்டேன். இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. நான் எப்படி வேலை செய்யறேன்?"

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த மேலாளர் நிமிர்ந்தார். நாற்காலியைக் காட்டினார்.

"இந்தக் கிளையிலேயே உங்களை மாதிரி ஒரு ஆள் கிடையாது. முதல் வருஷமே அஞ்சுக்கு அஞ்சு எழுதி வெச்சிருந்தேன்."

"அப்போ ஏன் சார்..."

"உங்க மனைவி வந்து அழுதாங்க. நல்ல மார்க் போட்டா உயர்வு கொடுத்து ஊர் மாத்திடுவாங்க, பிள்ளைங்க படிப்பு கெட்டுடும், குறைச்சே போடுங்கன்னு கேட்டாங்க. இதுநாள் வரை சொல்லலை. மன்னிச்சிடுங்க."

சிரிப்பு சார் நாற்காலியை மேலாளர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மார்க் போனது போகட்டும். அவருக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"அந்தக் குறைங்க? என் சிரிப்பு, பேச்சு, பாட்டு... அதெல்லாம் உங்களுக்கு நிஜமாவே தொந்தரவா இருந்ததா சார்?"

"எனக்கென்னங்க தொந்தரவு? உங்ககிட்ட எனக்கு ஒரு குறையும் தெரியலை" என்றார் மேலாளர், அவர் முகத்தைப் பார்க்காமல். "வருஷா வருஷம் உங்க வீட்டம்மாதான் போன்ல சொல்வாங்க. நான் அப்படியே எழுதிடுவேன்."