வரைபடக் கடல்

இருபது ஆண்டுகளில் கடல் எதுவரை வரும் என்று புவியியல் ஆய்வாளர்கள் கோடு போட்டார்கள். பொறுமையில்லாத அரசு அதுவரை இப்போதே கடல் என்று அறிவித்துவிட்டது. அலையிலிருந்து அரை மைல் தள்ளியிருந்த ஜெசிந்தாவின் வீடும் அதற்குள் அகப்பட்டது.

அவள் கணவன் அமல்தாசுக்கு நெஞ்சு வலித்தபோது, ஆம்புலன்ஸ் கோட்டருகே நின்றுவிட்டது.

"கடலுக்குள்ள வண்டி வராதுக்கா. விதி அப்படி," என்றார் ஓட்டுநர் போனில்.

காய்ந்த மணலில் அவனைத் தோளில் சுமந்து நடந்தாள். பாதி வழியிலேயே அவன் உயிர் பிரிந்தது.

மறுவாரம் ஓர் அதிகாரி லைஃப் ஜாக்கெட்டில் வியர்த்து வழிந்தபடி வந்து இறப்புச் சான்றிதழை நீட்டினார். 'நீரில் மூழ்கி மரணம்' என்றிருந்தது.

ஜெசிந்தா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீந்தியே போயிருங்க சார். நடந்தீங்கன்னா உங்க வேலை போயிரும்."