லியாவ் மாமாவின் காலை வணக்கம்

லியாவ் மாமா மாதிரி ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார்.

என் மனைவி பெய்-ஜுன்னுக்குத் தாய்மாமா. பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். விடிந்ததும் விடியாததுமாகப் போனில் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு படம் வந்து விழும். தாமரை, மலை, சூரியன். அதன் மேல் ரோஸ் கலரில் கொழுத்த எழுத்து.

'காலை வணக்கம்! வெந்நீர் குடியுங்கள்.'

'காலை வணக்கம்! நன்றாக மென்று தின்னுங்கள்.'

குழுவை எப்போதோ மியூட்டில் போட்டுவிட்டேன். நான் லேசுப்பட்டவன் இல்லை. தைச்சுங் நகரத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. ஊழியர்களுக்குப் பாடம் எடுப்பதே நான்தான்.

"ஒரு படம் மூணு இடத்துல இருக்கணும். ஒரே இடத்துல இருந்தா, அது இல்லைன்னே அர்த்தம்!"

கை தட்டுவார்கள்.

என் வீட்டில் மாமியாரின் படங்கள் ஒரே இடத்தில் இருந்தன. டிவி அலமாரி மேல், ஒரு ஹார்டு டிஸ்க்கில். போன வருஷம் அத்தை தவறிப்போவதற்கு முன்னால் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து போன சூரிய சந்திர ஏரிப் பயணத்தில் எடுத்தவை. போனில் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்றி, போனில் இருந்ததை அழித்துவிட்டேன். மற்ற காப்பிகளை அடுத்த வாரம் எடுப்பதாக இருந்தேன். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

புத்தாண்டுக்கு வீடு சுத்தம் செய்தபோது, வாக்கூம் கிளீனர் ஒயரை நான் இழுத்த இழுப்பில் டிஸ்க் தரையில் விழுந்தது. எடுத்துச் செருகினேன். டிக், டிக் என்றது. அதோடு சரி.

சமையலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, பெய்-ஜுன் கவனிக்கவில்லை.

டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்டுத் தரும் கடைக்கு ஓடினேன். திறந்து பார்த்த பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"உள்ள தகடே கீறிப்போச்சு சார். ஒண்ணும் தேறாது. வேற எங்கயாவது காப்பி வச்சிருப்பீங்களே?"

"இல்லைங்க."

"அட, என்ன சார் இது! நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மீன் வியாபாரம்."

பயணத்தன்றே குடும்பக் குழுவில் நான் போட்ட படங்களைத் தேடிப் பின்னோக்கிப் போனேன். பழையவை எல்லாம் காலாவதியாகி வெறும் கட்டங்களாக நின்றன.

அன்று சாப்பிடும்போது பெய்-ஜுன் கேட்டாள்.

"அம்மா படமெல்லாம் பத்திரமா இருக்கில்லப்பா?"

"என்கிட்டயா கேக்கற? மூணு காப்பி!"

"சரி. குடும்பக் குழுவைப் பாக்கறியா?"

"பாக்காம? தினமும் பாக்கறேன்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இன்னொரு கொழுக்கட்டையை என் கிண்ணத்தில் வைத்தாள். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன்.

அப்புறம் தூக்கமும் போயிற்று. கல்லறை கும்பிடும் நாள் நெருங்க நெருங்க, அங்கே வைக்க அம்மா படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொல்லி பெய்-ஜுன் கேட்டுவிடுவாளோ என்று பயம் கூடியது. கடைசியில், யாரைப் பார்த்தால் ஒளிவேனோ அவரிடமே அன்னாசி கேக் டப்பாவோடு போய் நின்றேன்.

"வா மாப்பிள்ளை! இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார் லியாவ் மாமா.

"மாமா, அத்தையோட ஏரிப் படம் ஒண்ணு ரெண்டு உங்ககிட்ட..."

"ஒண்ணு ரெண்டா? தினம் ஒண்ணு அனுப்பிக்கிட்டுதானே இருக்கேன்!"

போனை என் கையில் கொடுத்தார்.

அத்தை! படகுத்துறையில், வைக்கோல் தொப்பியோடு. அந்தத் தொப்பிக்கு மேலேயே ரோஸ் எழுத்து.

'காலை வணக்கம்! மனசுல பாரத்தை வச்சுக்கிட்டுச் சாப்பிட்டா செரிக்காது.'

அடுத்ததில் அத்தை தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த முட்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

'காலை வணக்கம்! சாமான்தானே உடைஞ்சது? போகட்டும்.'

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன மாமா இது? செத்துப்போனவங்க படத்துல இப்படிக் கிறுக்கலாமா? கொஞ்சமாவது விவஸ்தை வேண்டாம்? பெய்-ஜுன் பாத்தா மனசு என்ன பாடுபடும்?"

மாமா நிதானமாகக் கேக்கை மென்று முடித்தார்.

"படம்தான் என்னுது மாப்பிள்ளை. எழுத்து அவளுது."

"யாரோடது?"

"உன் பெண்டாட்டியோடது. நீ டிஸ்க்கைத் தள்ளிவிட்டதைச் சமையலறை வாசல்ல நின்னு பாத்திருக்கா. அன்னிக்கே இங்க வந்துட்டா. காலை வணக்கத்துக்கு ஆகுமேன்னு நீங்க போடற படத்தையெல்லாம் நான் எடுத்து வச்சுக்குவேன், அது அவளுக்குத் தெரியும். மொத்தத்தையும் காப்பி எடுத்துக்கிட்டா."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'ஊருக்கே பாடம் எடுக்கறவர் மாமா, நான் கேட்டா அவர் முகம் செத்துடும். நீங்க தினம் ஒண்ணு குழுவுல போடுங்க. படம் இருக்குன்னு அவரே பாத்து நிம்மதியாகட்டும்'னா. நீதான் தினமும் பாக்கறியாமே?"

நான் கேக் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்ப குழுவுல மத்தவங்க..."

"எல்லாரும் பாத்தாச்சு. கவுஸியுங் ஊர்ல இருக்கற சித்தி தினம் போன் போட்டு, 'மாப்பிள்ளை பாத்துட்டாரா, பாத்துட்டாரா'ன்னு என் உயிரை எடுக்கறா."

என் போனை எடுத்துக் குழுவைத் திறந்தேன். காலை வணக்கங்கள் வரிசை கட்டி நின்றன. அன்று காலை வந்ததில் அத்தை கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அசடு வழிய நிற்பது நான்.

கீழே ரோஸ் எழுத்தில்:

'காலை வணக்கம்! இன்னிக்காவது நல்லாத் தூங்குப்பா.'