ஒன்றும் கேட்காத மரம்

காஷ்மீரிலிருந்து வாங்கிவந்த துலிப் கிழங்கைப் பரஞ்சோதி மூன்று மாதம் ஃப்ரிஜ்ஜில் வைத்துக் காத்தார். பக்கத்தில் பழம் இருந்தால் கிழங்கு கெட்டுப்போகுமாம், அதனால் வீட்டில் ஆப்பிள்கூட வாங்கவில்லை. இப்போது அதை ஜாடியில் நட்டு, ஏசி அறையில் வைத்துக் கரண்டியால் அளந்து தண்ணீர் விடுகிறார். வருகிறவர்களிடம் வாசல் வேம்பைக் காட்டுவார். "நட்டதோட சரி. இருபது வருசத்துல ஒரு சொம்புத் தண்ணி கேட்டதில்லைங்க. நம்ம வூட்டுக்காரி மாதிரி." அவர் மனைவி திலகவதி காபியை வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

கொஞ்ச நாளாக நிலத்தடித் தொட்டியில் காலையில் பிடிக்கிற தண்ணீர் மதியத்துக்குள் காணாமல் போனது. "கொழாயத் தெறந்துவிட்டுட்டு எங்க பராக்குப் பாக்கறே?" என்று அவளைத்தான் ஏசினார்.

இன்று அவளே தொட்டியின் இரும்பு மூடியைத் தள்ளிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சுவரைப் பிளந்து வந்த வேம்பின் வேர், அவிழ்த்துப் போட்ட கூந்தலாகத் தொட்டி முழுக்க அடைத்துக் கிடந்தது. இத்தனை நாளும் வீடு குடித்தது அது குடித்த மிச்சம். கையை உள்ளே விட்டாள். வேர் நுனிகள் சில்லென்று விரல்களில் ஒட்டின.

வெகுநேரம் கழித்து எழுந்து, தெருவிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை முழுக்கத் திருகித் திறந்துவிட்டு மூடியை இழுத்து மூடினாள்.

"தண்ணி ரொம்பிருச்சா?" ஏசி அறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் பத்தலீங்க" என்றாள்.