கண்ணாடிக்கு உள்ளே

அருங்காட்சியகத்தின் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டிக்குள், பல தேசத்துச் சாடிகளுக்கும் முகமூடிகளுக்கும் நடுவே, தூசி தட்டுகிறவள் நிற்கிறாள். பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டு நகரக்கூடாது என்பது சாவிக்காரருக்கு விதி. போன் வந்ததும் மறக்காமல் பூட்டிவிட்டுப் போனார். "இதோ வந்துட்டேன்க்கா" என்று அவர் சொல்லி அரை மணி நேரமாகிறது. விளக்கு உச்சந்தலையைச் சுடுகிறது. மூச்சு கண்ணாடியில் படிந்து படிந்து கலைகிறது. வலது கால் மரத்துவிட்டது. கொஞ்சம் அசைந்தாலும் நீலச்சாடி விழுந்துவிடும். வெளியே ஒரு குழந்தை அவளைப் பார்த்துக் கையசைக்கிறது. பதிலுக்குக் கையைத் தூக்க இடமில்லை. தூரிகைக் காம்பை மட்டும் திருப்பி, கண்ணாடியில் மெல்லத் தட்டுகிறாள். மூலையில் உட்கார்ந்திருக்கும் காவலாளி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுக்கிறார்: "யாரது, கண்ணாடியைத் தொடாதீங்க."