கொடியில் காயாத துணி

வில்வண்டியில் காளைகளைப் பூட்டியாயிற்று. தேவகனி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அவள் தங்கை எலிசாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வண்டிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். நடக்க நடக்கப் பேசினாள்.

அக்காவை வாழாவெட்டியாக்கி அனுப்புகிறார்கள். காரணம், பிள்ளையின் மூத்திரத்துணி. சவுக்காரம் பட்டதும் மை கொட்டினாற்போல் கறுத்துவிட்டது. துணி வெளுக்கும் இசக்கி அதைத் தெருவெல்லாம் விரித்துக் காட்டிவிட்டாள்.

மாமியார் ஜெயபாய் தீர்ப்புச் சொன்னாள்: "எங்க அண்ணன் வீட்டுல இந்த அசிங்கம் கிடையாது. எல்லாம் உங்க அம்மைக்க ரத்தம்."

அண்ணன் என்றது எலிசாவின் அப்பாவை. ஜெயபாய் அவருடைய கூடப்பிறந்தவள். அண்ணன் மகளைத்தான் தன் மகன் செல்வதாசுக்குக் கட்டிவைத்தாள். அவன் தென்னைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

சபையில் ஜெயபாய்க்கு நல்ல பேர். கோயிலுக்கு வெளியிலும் தலையிலிருந்து முந்தானை இறங்காது. தன் துணியை வெளுக்கப் போட்டதே இல்லை. விடியுமுன் தானே அலசி, அறைக்குள் உலர்த்திக்கொள்வாள். உபதேசியார் மற்றப் பெண்களுக்கு அவளைத்தான் உதாரணம் காட்டுவார்.

திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள் எலிசா. அவள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்று வந்ததே அப்போதுதான். படித்ததையெல்லாம் முற்றத்தில் கொட்டினாள்.

சாளைமீன், பயறு, தாய்ப்பால், எதிலும் இருக்கிற புரதம் வயிற்றில் அமினோ அமிலங்களாக உடைகிறது. அவற்றைக் கோத்துத்தான் உடம்பு சதை கட்டுகிறது, ரத்தம் கட்டுகிறது. அதில் டைரோசின் என்று ஒன்று. தலைமயிருக்குக் கறுப்பு அதிலிருந்துதான் வருகிறது. மிஞ்சுவது உடம்புக்குள்ளேயே எரிந்துபோக வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது பாதியில் நின்றுவிடுகிறது. எரியாதது மூத்திரத்தில் இறங்கி, காற்றும் காரமும் பட்டால் கறுக்கிறது. பேயுமில்லை, பாவமுமில்லை, பிள்ளை சாகப்போவதுமில்லை. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் இருந்தால்தான் இது வரும். சொந்தத்தில் கட்டினால் இன்னும் சுலபமாக வரும். அம்மையை மட்டும் இழுக்க வேண்டாம்.

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. மாமி எது சொன்னாலும் திருப்பிக்கொடுக்கத் தயாராக நின்றாள்.

ஜெயபாய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"ஏட்டி, இதுக்கும் வயசானா முதுகு கடுக்குமா?"

முதுகைப் பற்றி எலிசா ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. எரியாதது வருஷக்கணக்கில் முதுகெலும்பிலும் குருத்தெலும்பிலும் படிந்து கறுக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ஜெயபாய் வண்டிக்காரனிடம் மாட்டை அவிழ்க்கச் சொன்னாள். தேவகனியிடம் இரண்டு கையையும் நீட்டினாள். தேவகனி தயங்கித் தயங்கிப் பிள்ளையைக் கொடுத்தாள்.

ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து அடித்த காற்று ஜெயபாயின் முந்தானையைப் பறித்துத் தோளில் தள்ளியது. காது மடல் இரண்டும் நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்தாற்போல் நீலம் பாரித்துக் கறுத்திருந்தன.

எலிசாவுக்குக் கோபம் இறங்கவில்லை. எல்லாம் தெரிந்துதானே அக்காவை வண்டியில் ஏற்றினாள் இந்த மனுஷி.

தெருவில் ஆட்கள் நின்றார்கள். ஜெயபாய் முந்தானையை இழுத்து மூடவில்லை. கை இரண்டிலும் பிள்ளை இருந்தது.