மாத்திரை போட்டியா?

"உடம்புல ரத்தம் ஏழு பாயிண்டுதான் இருக்கு. பிரசவத்துல உசுருக்கே ஆபத்தாயிரும்!"

கர்ப்பிணிகளுக்கு வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் ஏஞ்சலம்மாள், பிரிக்காத இரும்புச்சத்து அட்டையை மாரீஸ்வரியின் முகத்துக்கு நேரே ஆட்டினாள். "ஏம்ளா முழுங்கல? மாமியா தடுக்காளா?"

"மறந்துட்டேன்க்கா."

"வயித்துப் பிள்ளைய நெனச்சிப் பாரு. தெனமும் போடணும்."

பயந்துபோய் அன்றே விழுங்கத் தொடங்கினாள் மாரீஸ்வரி.

நாலாம் நாள் காலை, தாராவிப் பொதுக் கழிப்பறையில் கண்ணீர் வர முக்கிக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டாலே அவளுக்கு வயிறு இப்படித்தான் கட்டிக்கொள்ளும். வெளியே நீண்ட வரிசை. கதவு அதிர அதிர யாரோ தட்டினார்கள்.

"எவ அது? உள்ளயே குடித்தனம் பண்ணுதியா? வெளிய வா, மூதி!"

முடியாமலேயே எழுந்து கதவைத் திறந்தாள்.

கையில் வாளியோடு ஏஞ்சலம்மாள் நின்றிருந்தாள். "நீதானா! மாத்திரை போட்டியா?"

"போட்டேன்க்கா."

அதுதான் அவள் போட்ட கடைசி மாத்திரை.