வைஃபை பெட்டிக்கு வைத்த பொட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா. பொரியை மென்றுகொண்டே கேட்கலாம். நாமக்கல் பக்கம் ஒரு வீட்டில், ஆயுத பூஜையன்று நடந்ததைச் சொல்கிறேன்.

மணி நாலு இருபது.

அந்த வீட்டுக்காரி செல்போனை ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். சமையலறைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். திரும்பவும் பூஜை அலமாரிக்கு முன்னால் வந்து நின்றாள்.

‘கலாமணி இல்லம்’ என்ற பேரைக் காணவில்லை.

பக்கத்து வீட்டு வைஃபை இருந்தது. மாடி வீட்டு வைஃபை இருந்தது. எழுத்தும் எண்ணுமாக, யாரென்றே தெரியாத ஒன்று இருந்தது. அவள் வீட்டினுடையது மட்டும் இல்லை.

பெட்டி என்னவோ எதிரேதான் இருந்தது. ஒயரோடு இழுத்து வந்து அலமாரியில் வைத்திருந்தார்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில், செவ்வந்திச் சரம் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி.

ஐந்து மணிக்கு, செல்போனில் ஆடும் துப்பாக்கி விளையாட்டின் இறுதி ஆட்டம்.

நாலு பெண்கள் ஓர் அணி. ஐந்து அடிக்கும்போது நாலு பேரும் ஆட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஒருத்தி குறைந்தாலும் அணியே வெளியே. மற்ற மூன்று பேரில் ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி கோலாலம்பூர், ஒருத்தி அரியலூர். மூன்று மாதமாக, உலை கொதிக்கும் நேரத்திலும் துணி ஊறும் நேரத்திலும் சுட்டுச் சுட்டு வந்து சேர்ந்த இடம்.

செல்போன் டேட்டாவில் ஆடலாமே என்பீர்கள். அந்தத் தெருவில் டவர் ஒரு கோடுதான் காட்டும். எதிராளி சுட்டுவிட்டுப் போன பிறகுதான் வந்ததே தெரியும்.

சுவிட்சை அணைத்தாள். முப்பது எண்ணினாள். போட்டாள்.

விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. பேர் வரவில்லை.

ஸ்பீக்கரில் போட்டு, கேபிள்காரர் தங்கவேலைக் கூப்பிட்டாள். தன் ஸ்குரூ டிரைவரும் கட்டரும் சாமி முன்னால் இருக்கின்றன, நாளைக் காலை வரை தொடுவதற்கில்லை என்றார் அவர். கையால் செய்கிற வேலை இன்றைக்கு இல்லை, வாயால் வேண்டுமானால் சொல்கிறேன் என்றார்.

பெட்டியில் பொடி ஓட்டை ஒன்று இருக்குமே, அதில் யாராவது ஊசி கீசி விட்டார்களா என்று கேட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

சுண்டல் தின்றுகொண்டிருந்த அவள் வீட்டுக்காரன் நிமிர்ந்தான். லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவன். பூஜைக்கு முந்தி எல்லா மிஷினையும் துடைத்து, எண்ணெய் ஓட்டையில் தூசி எடுத்துவிடுவது அவன் வழக்கம்.

"எண்ணெய் ஓட்டைல எத்தன அழுக்குங்கற?" என்றான், பெருமையாக. "ஊக்க வெச்சு நல்லா அழுத்தி எடுத்தன் புள்ள."

தங்கவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டது போனிலேயே கேட்டது.

"அக்கா, உங்க பொட்டி இன்னைக்குத்தான் புதுசாப் பொறந்திருக்குதுங்க. பழைய பேரெல்லாம் அதுக்கு நெனப்பில்லைங்க."

கம்பெனி வைத்த பேரும் பாஸ்வேர்டும் பெட்டியின் ஸ்டிக்கரிலேயே இருக்கும், பார்த்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார்.

அவள் ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

மிஷினுக்குப் பொட்டு வைப்பதென்றால் பேர்த்தகட்டில்தான் வைக்க வேண்டும். பட்டறையில் அப்படித்தான். கறுத்த பெட்டியில் பேர்த்தகடு மாதிரி வெள்ளையாக இருந்தது அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான். சந்தனத்தைக் குழைத்து அழுத்தி, அதன்மேல் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம் வைத்திருந்தான்.

பேர் தெரிந்தது. யாரென்றே தெரியாமல் செல்போனில் நின்றதே, அதுதான்.

பாஸ்வேர்டில் நாலு எழுத்து தெரிந்தது. மிச்ச நாலும் பொட்டுக்கு அடியில்.

நாலு நாற்பத்தெட்டு.

அவள் கையை நீட்டவில்லை. பூஜையில் வைத்த பொட்டை மறுநாள் வரை அந்த வீட்டில் யாரும் அழித்ததில்லை. போன வருஷம், பைக்குக்குப் பொட்டு வைத்துவிட்டேன் என்று, மழையில் மூன்று மைல் நடந்தே வந்தவன் அவன். அவனிடம் போய் என்னவென்று கேட்பாள்?

செல்போனைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஒற்றைக் கோட்டு டவரில் தட்டுத்தடுமாறி ஒரு செய்தி வந்தது. கோலாலம்பூர்க்காரி. கேப்டன் எங்கே, நாங்கள் மூன்று பேரும் வந்தாயிற்று.

அவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான்.

"கேப்டனா? ஆரு அது?"

"நாந்தானுங்க."

அவள் செல்போனில் சமையல் குறிப்பு பார்ப்பதற்கு நடுவே ஏதோ விளையாடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். அதற்குமேல் அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

பின்கட்டுக்குப் போனான். கை கழுவுகிற சத்தம் கேட்டது.

ஈரக் கையோடு வந்து அலமாரி முன்னால் நின்றான். பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டான். உதடு அசைந்தது. என்ன வேண்டினானோ, அது அவனுக்கும் பெட்டிக்கும்.

மோதிர விரலால், துளியும் சிந்தாமல், குங்குமத்தைச் சந்தனத்தோடு வழித்து எடுத்தான்.

துடைக்கத் துணி தேடவில்லை.

அவள் நெற்றியில் வைத்தான்.

"அழிக்கலை," என்றான் சாமியைப் பார்த்து. "எடம் மாத்தியிருக்குது."

பிறகு குனிந்து, அந்த நாலு எழுத்தையும் பள்ளிக்கூடத்துப் பையன் போல உரக்கப் படித்தான். ஒருதரம் தப்பாக. ஒருதரம் சரியாக.

நாலு ஐம்பத்தொன்பது. நாலு பேரும் உள்ளே.

சுண்டல் ஆறிக்கொண்டிருந்தது. யார் காலும் ஒயரில் பட்டுவிடக் கூடாதென்று அவன் அலமாரியை ஒட்டியே காவல் நின்றான்.

பட்டறையிலிருந்து போன் வந்தது. பொரி பங்கு போட வேண்டும், முதலாளி கூப்பிடுகிறார்.

"இப்ப வர முடியாதுங்க," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "கேப்டன் ஆட்டத்துல இருக்கறாங்க."

உங்கள் வீட்டிலும் எல்லா விளக்கும் பச்சையாகவே எரியட்டும் கண்ணுகளா. யார் எதில் கேப்டன் என்று வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நிறைந்து இருங்கள்.